துவைத்துக் கசக்கிய சட்டை

ஜனவரி 12

அன்புள்ள தம்பி எலிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் பேரம் பேசுகிறது. உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ ஒன்றை எழுதாமல் விட்டால் அது இன்னும் இருக்கிறது என்று எனக்கு அர்த்தம்.

ஒரு செய்தி. பேக்கரி போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அது மாவு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேக்குக்குக் கிரீம் பூசுகிறவள், நாங்கள் கேக்கம்மா என்று கூப்பிடுகிறவள், போன் மணி அடித்தாலே காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் கடிதம்.

எங்கள் அடுப்புகளைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக்கை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். கேட்டது நான்தான். அவர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். குனிந்து எடுத்து, துணியால் துடைத்து, பைக்குள் வைத்துவிட்டு, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியிருக்கிறோம்.

அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "மூக்கும் முழியுமா இருக்கான்னுதான் ஊர்ல சொல்வாங்க. இவனுக்கும் மூக்கு இருக்கு, முழி இருக்கு. ரெண்டும் வேற வேற ஆளோடது மாதிரி இருக்கு" என்கிறாள்.

நான் முகத்தைப் பார்த்துத் தொடங்கவில்லையே. மாவு மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. அவர் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு பூனை மாதிரி வருவார். வாசலைத் தாண்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மெஷின் எண்ணெய், சூடான இரும்பு, அதற்கு அடியில் மழை பட்ட சிலேட்டுப் பலகை மாதிரி ஒன்று. திரும்பாமலே "வாங்க" என்பேன். முதல் தடவை அவர் திடுக்கிட்டுப் போனார். பல மாதம் அப்படி முதுகுப் பக்கமாகவே பழகினோம். அந்த வாடை வராத நாள் மாவு சரியாக எழும்பாதது போல ஒரு மனக்குறை. அப்போதுதான் எனக்கே புரிந்தது.

உனக்குத் தெரியும், சின்ன வயதில் யார் வருகிறார்கள் என்று நான் வீட்டுக்குள்ளிருந்தே சொல்வேன். அதனால்தான் எனக்கு மூக்கி என்று பெயர். ரொட்டியை ஓரம் ஓரமாகக் கடித்து வைத்த உனக்கு எலி. பேக்கரியில் என் சம்பளத்தில் பாதி கைக்கு, பாதி மூக்குக்கு. மாவு போதுமான அளவு புளித்ததா என்பதை மூக்கே சொல்லிவிடும். ரொட்டியின் அடிப்பக்கம் சிவந்ததா என்று பார்க்க நான் அடுப்புக் கதவைத் திறந்ததே இல்லை.

நீ சட்டையை மோந்து பார்க்கும் வேலையில் இருப்பதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று கேட்டார்களாம். உண்மையில் என்னதான் செய்கிறாய்? எனக்குப் புரியும்படி எழுது.

அன்புடன்,
மூக்கி


ஜனவரி 28

அன்பு அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். பேராசிரியர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன, முடிவு வந்துடுச்சா?" என்றார். "எங்க அக்கா முடிவு வந்துடுச்சு மேடம்" என்றேன்.

அம்மாவிடம் சொல்: முகர்ந்து பார்ப்பவன் நான் இல்லை. நான் சீசாவின் மூடியைத் திறந்து பிடிக்கிறவன். ஆண்களிடம் பருத்திச் சட்டை கொடுக்கிறோம். இரண்டு இரவு அதைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சோப்பு, சென்ட், பவுடர் எதுவும் கூடாது. திரும்பி வரும் சட்டையைச் சீசாவில் அடைத்து எண் ஒட்டுவோம். பெண்கள் வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து, பிடித்திருக்கிறதா இல்லையா என்று மதிப்பெண் போடுவார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆளே கிடையாது, முழுக்க ஆடைதான்.

இது எலிகளிடமிருந்து தொடங்கியது. (எலி எலியை ஆராய்கிறது என்று நீ சிரிப்பது கேட்கிறது.) பெண் எலிக்கு இரண்டு ஆண் எலிகளின் வாடையைக் காட்டினால், தன் உடம்பின் நோய் எதிர்ப்பிலிருந்து மாறுபட்ட எதிர்ப்பு கொண்டவனின் பக்கம்தான் பெரும்பாலும் போகிறது. நோய் ஒரு கள்ளன் என்று வைத்துக்கொள். அம்மா வீட்டுப் பூட்டும் அப்பா வீட்டுப் பூட்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு சாவி போதும். இரண்டும் வேறாக இருந்தால் பிறக்கும் குட்டிக்கு நல்லது. நெருங்கிய சொந்தத்தைத் தவிர்ப்பதற்கும் அதே மூக்குதான் உதவுகிறது. எலி இதையெல்லாம் யோசிப்பதில்லை. அதற்குப் பிடிக்கிறது, போகிறது. அப்படிப் பிடித்தவர்களின் குட்டிகள் பிழைத்தன. அந்தப் பிடிப்பும் அவற்றோடு பிழைத்தது.

தவளை கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது, பறவை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. நாம் கண்ணால் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறோம். கண் ஏமாறும், மூக்கு ஏமாறாது. என் மேசைக்கு மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: "மூக்கு ஒப்புக்கொள்ளாத ஆளைக் கட்டாதே." நீ அதை ஒட்டாமலே செய்துவிட்டாய். எங்கள் சீசாவெல்லாம் சொல்லத் தவிப்பதை நீ ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருக்கிறாய்.

ஒரு ஆசை. மாமாவின் சட்டை ஒன்றை அனுப்பு. கணக்கில் சேராது, சும்மா என் ஆசைக்கு. அதே விதி: இரண்டு இரவு, சோப்பு கூடாது, காற்றுப் புகாத பையில் இறுகக் கட்டி.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் எலி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்த வாரமே எனக்குக் காய்ச்சல். நல்ல காய்ச்சல். மூக்கடைப்பு, தலைபாரம், படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. இப்போது போய்விட்டது. வேலைக்கும் போகிறேன். அம்மா சுகம். நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

பேக்கரியில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. பெரிய விஷயம் இல்லை. கேக்கம்மாதான் உள் அறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அடியே, அடுப்புப் பக்கத்துலயே நின்னுட்டு என்னடி பண்ற? தெருமுனை வரைக்கும் கருகல் நாத்தம்!" நான் ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன். கல்யாணக் கனவு என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவருக்கு வெட்கம். காது சிவந்தது. ஆனால் கொஞ்ச நாளாக மனிதர் மாறிப்போயிருக்கிறார். முன்பு பூனை மாதிரி வருவார் என்று எழுதினேன் அல்லவா? இப்போது வாசலிலேயே கருவிப்பையைத் தொப்பென்று போடுகிறார். நிலைச்சட்டத்தில் ஸ்பானரால் டங் டங் என்று தட்டுகிறார். பெரிய இடத்து மாப்பிள்ளை வருகை போல. எனக்குத் தலைவலியாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் எலிகளில் ஒன்றுக்கு மூக்கு வேலை செய்யாமல் போனால் என்ன செய்யும்? சும்மாதான் கேட்கிறேன். கேக்கம்மாவிடம் உன் ஆராய்ச்சியைச் சொன்னேன், அவள் கேட்டாள்.

சட்டை பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் முழுவதுமாக விட்டதா? அம்மா உன்னைக் கவனிக்கிறாளா, நீ அம்மாவைக் கவனிக்கிறாயா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். இங்கே உணவகத்தில் வேளை தவறினால் மிச்சம் கிடைக்காது.

கேக்கம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அதையே எங்கள் பக்கத்து அறையில் செய்து பார்த்தார்கள். பெண் எலிக்கு வாசனை தெரியாதபடி மூக்கில் மருந்து விட்டு, இரண்டு ஆண்களுக்கும் நடுவில் விட்டார்கள். போன வாரம் ஓடிப் போய் நின்ற அதே ஆணைத் தாண்டிப் போயிற்று, யாரோ போல. பிறகு கூண்டின் நடுவில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கமும் போகவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார், எல்லாமே அந்த ஒரு கதவு வழியாகத்தான் போய் வருகிறது! கதவு மூடினால் பிடித்தவனும் இல்லை, பிடிக்காதவனும் இல்லை. இதை அப்படியே கேக்கம்மாவிடம் சொல்.

ரொட்டி கருகியதற்கு மாமாதான் பொறுப்பு என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிடு. அவர் சத்தம் போடுவதைப் பற்றிக் கவலைப்படாதே. தவளைகள்கூட அப்படித்தான், நிச்சயமான பிறகு குரல் கனக்கும்.

சட்டை எங்கே?

உன் எலி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் வந்தது. கேக்கம்மாவிடம் சொன்னேன்.

பதிவுத் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம். அம்மாவின் முழங்கால் சரியாகட்டும் என்று. அவர், "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப" என்றார். அப்படிச் சொல்கிறவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

நான் இப்போது மாவு மேசையில் நிற்பது குறைவு. முன்பக்கம் விற்பனை மேடையில் இருக்கிறேன். ஒரு மாறுதலுக்கு. வீட்டில் அம்மா பாலைத் தானே முகர்ந்து பார்த்து அடுப்பில் வைக்கிறாள். முன்பெல்லாம் என் முகத்துக்கு நேரே டம்ளரை நீட்டுவாள்.

நீ கேட்ட சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவர் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பிரித்துப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கட்டினேன். நன்றாகக் கசங்கியிருக்கிறது, அவருடைய வழக்கமான எண்ணெய் வாடைதான். உன் விதிப்படியே எல்லாம்.

சில நாள் அவர் மேடைக்கு எதிரே வந்து நிற்கும்போது, இவர் யார் என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது. வேலைக் களைப்பாக இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 17

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

பொட்டலம் வந்தது. ஆய்வகத்தில் தபாலைப் பிரித்து வைக்கும் பெண்மணி அதை என் மேசையில் வைக்கும்போதே, "யாரு தம்பி சோப்பு அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டார். பையைப் பிரித்தேன். அறை முழுக்கச் சோப்பு. அதுவும் சாதாரணச் சோப்பு இல்லை, விலை கூடிய சோப்பு. குறைந்தது இரண்டு தடவை அலசாமல் துவைத்த மாதிரி. எண்ணெய் இல்லை, இரும்பு இல்லை, சிலேட்டு இல்லை. பிறகுதான் உற்றுப் பார்த்தேன். காலரிலும் கையிலும் ஒரே மாதிரிக் கசங்கல். தூங்கிக் கசங்கிய சட்டை அப்படி இருக்காது. யாரோ துவைத்துக் காயவைத்து, பிறகு வேண்டுமென்றே கசக்கியிருக்கிறார்.

மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் வரும் ஆண்களில் பல பேர் இதைத்தான் செய்கிறார்கள். அழுக்குச் சட்டையை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று வெட்கம். சிலருடைய அம்மாக்கள் இஸ்திரியும் போட்டு அனுப்புகிறார்கள். வாசலிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

கண்ணுக்கு அது அழுக்குச் சட்டைதான். ஆனால் நீ அதைக் கையில் பிரித்துப் பார்த்திருக்கிறாய். வழக்கமான எண்ணெய் வாடை என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா, எப்போதிலிருந்து?

உன் தம்பி


மே 5

அன்பு அக்காவுக்கு,

பதில் இல்லை. அம்மாவாவது சுகம் என்று இரண்டு வரி எழுதுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. நீ எழுதாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

மார்ச்சில் நான் எழுதியதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கேக்கம்மா கேட்டாளாம், நான் நம்பினேனாம். இதற்கு ஆராய்ச்சியாளன் என்று பெயர்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, எங்கள் சீசாக் கணக்கு வந்துவிட்டது. பெண்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் நாணயத்தைச் சுண்டிப் போட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற இடங்களில் செய்தவர்களுக்கும் அப்படித்தான். ஒரு இடத்தில் ஆம், ஒரு இடத்தில் இல்லை. எலிக்கு மூக்கு பெரிய கதவு, சந்தேகமில்லை. மனிதர்களுக்கு அது எத்தனை கதவுகளில் ஒன்று என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி எழுதிய சீட்டை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது, கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகள் வைத்திருக்கும் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய மீன்களில் ஆணின் வயிறு சிவப்பு. தெளிந்த தண்ணீரில் பெண் மீன் சிவப்பு அதிகமுள்ள ஆணிடம் போகும். அவர் தண்ணீரில் களிமண்ணைக் கரைத்துவிட்டார். சிவப்பு தெரியவில்லை. இனிமேல் கண்டபடி போகும் என்று எதிர்பார்த்தோம். கொஞ்ச நேரம் தடுமாறின. பிறகு வாடையைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கின. "தண்ணி கலங்கினா அதுங்க தேடறத நிறுத்தறதில்லப்பா. வேற எதையாவது வச்சுத் தேடுதுங்க. ஆணும் சும்மா இல்ல. சிவப்பு எடுபடலன்னா துள்ளல் ஜாஸ்தி ஆகுது" என்றார் அவர்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒரே ஒரு கேள்வி. வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு எழுது. மாமா நிலைச்சட்டத்தில் ஸ்பானரைத் தட்டத் தொடங்கியது உன் காய்ச்சலுக்கு முன்பா, பின்பா?

உன் தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன்.

காய்ச்சல் விட்ட காலையில் அம்மா காபி கொண்டுவந்தாள். சூடாக ஒரு தண்ணீர். மூக்கடைப்பு என்று நினைத்தேன். அடைப்பு போய்விட்டது, மூச்சு நன்றாக வருகிறது. அதோடு எதுவும் வருவதில்லை, அவ்வளவுதான். ரொட்டி வெந்நீரில் நனைத்த பஞ்சு மாதிரி இருக்கிறது. அம்மாவின் தலைமுடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் அப்படியே நின்றாள். டாக்டர், "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்.

வேலையை எப்படியோ சமாளித்துவிடுவேன். மாவை விரலால் அழுத்தி, குழி எவ்வளவு மெதுவாக நிரம்புகிறது என்று பார்க்கப் பழகி வருகிறேன். அது இல்லை என் கஷ்டம்.

அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. நல்ல மனிதர், தெரிகிறது. ஆனால் எனக்குள் எழும்பிய அந்த ஒன்று எழும்பவில்லை. உன் எலியின் கதையைப் படித்த அன்று மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அது நான்தானே? கூண்டுக்கு நடுவில். அவரைப் பிடித்திருந்தது எனக்கா, என் மூக்குக்கா? மூக்குக்குத்தான் என்றால் அந்த மனிதரை எதற்குக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க ஏமாற்ற வேண்டும்? இதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "உங்களைப் பிடித்திருந்தது காய்ச்சலோடு போய்விட்டது" என்றா?

முகமாவது மனதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அம்மா சொன்ன மாதிரி மூக்கு ஒருத்தருடையது, முழி ஒருத்தருடையது.

நிச்சயத்தை முறித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஜூன் முடிவதற்குள் சொல்லிவிடுவேன்.

உன் கேள்விக்குப் பதில்: பின்பு. காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான். ஏன் கேட்கிறாய்?

அக்கா


ஜூன் 1

அன்பு அக்காவுக்கு,

அம்மாவின் தலைமுடியைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

பிடித்திருந்தது உனக்கா, உன் மூக்குக்கா என்று கேட்டால் என் படிப்பில் அதற்கு விடை கிடையாது. சீசாவில் அடைத்துப் பார்க்கிற சங்கதி இல்லை அது.

ஏன் கேட்டேன் என்பதை நான் சொல்ல மாட்டேன். நான் ஏற்கெனவே ஒரு தடவை அதிகமாகச் சொல்லிக் கெடுத்தவன். முறிப்பதானால் முறித்துக்கொள், நான் உன் பக்கம்தான். ஆனால் அதற்கு முன் ஸ்பானரை எதற்குத் தட்டுகிறீர்கள் என்று அவரிடமே கேட்டுவிடு. கேட்டுவிட்டு எழுது.

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கும்தான்.

எலி


ஜூன் 18

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் சுகம். அம்மா மாடிப்படியை இன்று பேரம் பேசாமலே ஏறினாள்.

முந்தாநாள் பெரிய அடுப்பில் சூடு ஏறவில்லை என்று அவரை வரச் சொல்லியிருந்தார்கள். மதியம், கூட்டம் இல்லாத நேரம். நான் மாவு மேசையில் இருந்தேன். பை தொப்பென்று விழுந்தது. டங் டங். திரும்பினேன்.

"எதுக்கு இப்படித் தட்டுறீங்க? காது அடைக்குது."

அவர் ஸ்பானரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காது நல்லா இருக்குல்ல, அதான்" என்றார்.

அவர் கருவிப்பை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி நான் வந்தா நீங்க திரும்பாமலே 'வாங்க'ன்னுவீங்க. காய்ச்சல் விட்டு நீங்க வந்த அன்னிக்கு வந்து உங்க பின்னாடி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேங்க. நீங்க பாட்டுக்கு மாவ உருட்டிட்டு இருந்தீங்க. கோபம்போலன்னு நினைச்சு லேசா இருமினேன். நீங்க அப்படியே தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினீங்க. முகம் வெளுத்துப்போச்சு. அடுத்த நாள் ரொட்டி கருகுச்சு. நீங்க அடுப்போரமா நின்னுட்டு இருந்தீங்க. அப்பத்தான் புரிஞ்சுது. இனிமே இவங்கள இப்படிப் பயமுறுத்தக் கூடாதுன்னு தட்ட ஆரம்பிச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நாள் ஏன் கேட்கல?"

"நீங்க சொல்லலையே. சொல்லாததை எப்படிங்க கேட்கிறது?"

"அப்ப அந்தச் சட்டை?"

காது சிவந்தது. "படிச்ச பொம்பளைங்க மோந்து பார்ப்பாங்கன்னு படிச்சுக் காட்டினீங்க. எண்ணெய் நாத்தத்தை எப்படிக் கொடுத்து அனுப்புறது? நல்ல சோப்பா வாங்கித் துவைச்சேன். அப்புறம் தெரியக் கூடாதேன்னு மெத்தைக்கு அடியில போட்டு உருண்டேன். நீங்க கண்டுபிடிச்சுத் திட்டுவீங்களோன்னு ஒரு பயம்… அந்த ஒரு தடவை மட்டும் உங்க மூக்கு போனது எனக்குச் சௌகரியமா இருந்துச்சுங்க."

எலி, நான் சிரித்துவிட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை. உள் அறையில் கிரீம் பூசிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. கேக்கம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவர் தன் கைத்துணியை நீட்டினார். எண்ணெய்த் துணி. முகம் முழுக்கக் கறுப்பு.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்குப் பிடித்ததா, எனக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை என்பதையும் சொன்னேன். வாய் தடுமாறத்தான் செய்தது. முறித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க மெதுவாப் பாருங்க. நான் எப்படியும் தட்டிட்டுத்தான் வருவேன்" என்றார். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு மாவுக்குத் திரும்பினேன்.

நேற்று அவர் மறுபடி வந்தார், மாற்ற வேண்டிய பாகத்தைக் கொண்டுவந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். கை மாவுக்குள். குழி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. வாசலில் டங் டங்.

"வாங்க" என்றேன்.

திரும்பவில்லை. சொன்ன பிறகுதான் சொன்னேன் என்றே தெரிந்தது. மார்புக்குள் மாவு எழும்புகிற மாதிரி, பழைய மாதிரியே. மூக்கில் ஒன்றும் இல்லை, தம்பி. ஒன்றுமே இல்லை. ஆனால் வந்தது அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை கடைசியில் தேதி வாங்கியிருக்கிறோம். அம்மாவின் முழங்காலைச் சாக்குச் சொல்ல அம்மாவே இனி விடமாட்டாள். நீ ஒரு வாரம் முன்னதாக வா. உன் மீன்காரப் பெண்மணியையும் கூட்டிவா. அவருக்கு நான் ஒரு ரொட்டி சுட்டுத் தர வேண்டும். கருகாது.

கடிதத்தின் கீழே இடம் இருக்கிறது, ஏதாவது எழுதுங்கள் என்று இவரிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மூக்கி

மச்சானுக்கு வணக்கம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்களிடம் இருக்கும் சட்டையைத் திருப்பி அனுப்புங்கள். என்னிடம் இருக்கிற நல்ல சட்டை அது ஒன்றுதான், பதிவுக்குப் போடணும். துவைக்க வேண்டாம். துவைத்ததுதான்.